கேரவன் இழுக்கும்போது டோபால் எடையைச் சரியாக அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கேரவன் என்பது காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி. டோபால் என்பது அதை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை. கேரவனைக் காரில் மாட்டியதும் அதன் மூக்கு காரின் டோபால் மீது இறக்கும் எடைதான் டோபால் எடை. இது தேவைக்குக் குறைந்தால், வேகம் கூடும்போது கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். தேவைக்கு மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரங்களுக்குச் சாலையில் பிடிப்பு குறையும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் வழக்கம்போல் கேட்காது.

இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியச் சாலைகளுக்கும் அங்கே ஓடும் கேரவன்களுக்கும் பொருந்துவது. லோடு ஏற்றிய கேரவனின் எடையில் சுமார் 10 சதவீதம் டோபாலில் இறங்க வேண்டும் என்பது அங்குள்ள பொதுக் கணக்கு. பிரிட்டன்காரர்களின் வீடியோக்களில் 5 முதல் 7 சதவீதம் என்று சொல்வார்கள். அது அங்குள்ள இலகுவான கேரவன்களுக்கான கணக்கு. அதை அப்படியே எடுத்து இரட்டை ஆக்சில் ஆஸ்திரேலியக் கேரவனுக்குப் போடாதீர்கள்.

புதிதாகக் கேரவன் வாங்கிய பலர் தடுமாறுவது வேலையின் வரிசையில்தான். முதலில் காருக்கு ஏர்பேக் (விபத்தில் விரிவது அல்ல, பின் சஸ்பென்ஷனில் பொருத்தும் காற்றுப்பை) போடுவார்கள், அப்புறம் எடைப் பகிர்வுக் கம்பி (காருக்கும் கேரவனுக்கும் நடுவே மாட்டி எடையைப் பிரித்தனுப்புவது) வாங்குவார்கள், கடைசியில் பொருட்களை ஏற்றுவார்கள். அளப்பதே இல்லை. இதைத் திருப்பிப் போட வேண்டும்: ஏற்று, அள, நகர்த்து, மறுபடி அள. கம்பி, ஏர்பேக் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

1. தகடுகளில் உள்ள எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

கேரவனில் ஒரு தகடு இருக்கும். அதில் டேர், ஏடிஎம், ஜிடிஎம் என்று எடைகள் பொறித்திருக்கும். டேர் என்பது காலிக் கேரவனின் எடை. ஏடிஎம் என்பது காரில் மாட்டாமல் தனியாக நிற்கும்போது, லோடோடு சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடை. ஜிடிஎம் என்பது காரில் மாட்டிய நிலையில் கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கக்கூடிய உச்ச எடை.

அப்புறம் காரின் எண்கள். ஜிவிஎம் என்பது காரும் அது சுமக்கும் லோடும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்தம், ஜிசிஎம் என்பது காரும் கேரவனும் சேர்ந்து போகக்கூடிய மொத்தம். இவற்றோடு இழுவைத் திறனையும் டோபால் உச்ச எடையையும் காரின் கையேட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக டோபாரில், அதாவது காரின் அடியில் டோபாலைத் தாங்கும் கம்பியில், ஒட்டியிருக்கும் தகடு. இதைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. கார் 350 கிலோ டோபால் எடையைத் தாங்கும் என்று கையேடு சொல்லலாம். ஆனால் பின்னாளில் யாரோ மாட்டிய டோபார் 250 கிலோவுக்குத்தான் தாங்கும் என்றால், உங்கள் எல்லை 250தான். கார், டோபார், கப்ளிங் (டோபாலைக் கவ்வும் கேரவனின் மூக்குப்பகுதி) மூன்றில் எது குறைவோ அதுவே கணக்கு.

இந்த இடத்திலேயே சில ஜோடிகள் பொருந்தாது என்று தெரிந்துவிடும். 2000 கிலோ இழுக்கும் திறனுள்ள சில ஐரோப்பியக் கார்களுக்கு டோபால் எல்லை 100 கிலோவுக்குள்தான் இருக்கும். 2000 கிலோ ஆஸ்திரேலியக் கேரவனுக்கோ 200 கிலோ தேவைப்படும். பொருட்களை எப்படி அடுக்கினாலும் இது சரியாகாது. கேரவனுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

டோபால் எடை அளக்கும் கருவி ஒன்று. கேரவன் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள தடித்த மரச்சட்டம், இரண்டு மூன்று சிறு குழாய்த் துண்டுகள் போதும்.

இவற்றோடு டேப், ரசமட்டம், சக்கரத்துக்குப் போட நான்கு கட்டைகள், ஒரு நோட்டு. இடம் சமதளமாக, கெட்டியான தரையாக இருக்க வேண்டும். சரிவான டிரைவ்வேயில் அளந்த எண் எதற்கும் உதவாது.

3. ஊருக்குக் கிளம்புவதுபோலவே முழுதாக ஏற்றுங்கள்

"தகட்டிலேயே டோபால் எடை 170 கிலோன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு அளக்கணும்?" என்று புதியவர்கள் பலர் கேட்பார்கள். அந்த எண் கேரவன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த எண். அப்போது தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பாத்திரம் இல்லை, மெத்தை விரிப்பு கூட இல்லை.

அதனால் அரிசி மூட்டை, குக்கர், நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள், கருவிப்பெட்டி என்று எது எங்கே போகுமோ அது அங்கே போகட்டும். ஃபிரிட்ஜை நிரப்புங்கள். தண்ணீர்த் தொட்டிகளையும் நிரப்புங்கள். "இதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று விட்ட 40 கிலோ, இருக்கும் இடத்தைப் பொறுத்து டோபாலில் 30 கிலோ வித்தியாசம் காட்டும்.

எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நகர்த்தும்போது எங்கிருந்து தொடங்கினோம் என்பது தெரிய வேண்டும்.

4. வேபிரிட்ஜில் மொத்த எடை

டோபால் எடை ஒரு சதவீதக் கணக்கு என்பதால், எதில் சதவீதம் என்பது முதலில் தெரிய வேண்டும். கழிவுப் பொருள் நிலையங்களிலும் கட்டுமானப் பொருள் விற்கும் இடங்களிலும் பொதுமக்களுக்கான வேபிரிட்ஜ் (வண்டியை அப்படியே ஏற்றி எடை போடும் மேடை) இருக்கும். வீட்டுக்கே வந்து எடை போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள்.

எடுக்க வேண்டிய எடைகள் மூன்று. காரும் கேரவனும் சேர்ந்து மேடையில் நிற்கும்போது ஒன்று: அது ஜிசிஎம்முக்குள் இருக்க வேண்டும். மாட்டிய நிலையிலேயே கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்போது ஒன்று: அது ஜிடிஎம்முக்குள். பிறகு கழற்றி, ஜாக்கி வீல் (மூக்கைத் தாங்கும் சிறு சக்கரம்) உட்பட கேரவன் தனியாக மேடையில் நிற்கும்போது ஒன்று: அது ஏடிஎம்முக்குள்.

மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டோபால் எடை வரும். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பல வேபிரிட்ஜ்கள் 10 அல்லது 20 கிலோ படிகளில்தான் காட்டும். 20 கிலோ படியில் காட்டும் இரண்டு எண்களைக் கழித்தால் விடையில் 20 கிலோ வரை பிழை வரலாம். கேரவனின் 2600 கிலோவில் அது பெரிதில்லை. டோபாலின் 250 கிலோவில் அது முடிவையே மாற்றிவிடும்.

ஏடிஎம் தாண்டியிருந்தால் இங்கேயே நில்லுங்கள். முதலில் பொருட்களைக் குறையுங்கள். அதிக லோடு ஏற்றிய கேரவனில் டோபால் எடையை மட்டும் சரிசெய்வதில் பயனில்லை.

5. டோபால் எடையை அளப்பது

கேரவன் மாட்டியிருக்கும்போதே, சமதளத்தில், தரையிலிருந்து கப்ளிங் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். கழற்றிய பின் அதே உயரத்தில் வைத்துத்தான் எடை பார்க்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்கும் இரட்டை ஆக்சில் கேரவன்களில் இது மிக முக்கியம். மூக்கைச் சில சென்டிமீட்டர் தூக்கினாலே முன் ஆக்சிலின் பங்கு குறைந்து டோபால் எடை ஏறிவிடும், இறக்கினால் குறைந்துவிடும்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, காரைக் கழற்றி நகர்த்துங்கள். கட்டைகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கேரவனின் ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் பிடித்தபடி இருந்தால் மூக்கு இறங்கும்போது சக்கரம் துளியும் உருளாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு எடையில் ஒரு பகுதியைத் தாங்கிவிடும்.

கருவி இருந்தால் கப்ளிங்குக்கு நேர்கீழே வைத்து, ஜாக்கி வீலை மெதுவாகச் சுழற்றி மூக்கை அதன்மேல் இறக்குங்கள். கருவியின் முள் ஏறிக்கொண்டே வரும். ஜாக்கி வீல் தரையைவிட்டு விரற்கடை உயர்ந்து, கையால் சும்மா சுற்றினால் சுற்றும் நிலைக்கு வந்ததும்தான் எண்ணைப் படிக்க வேண்டும். சக்கரம் தரையை லேசாகத் தொட்டபடி இருந்தாலும் அது ஒரு பங்கு எடையை வாங்கிக்கொள்ளும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான், தொட்டுக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

வீட்டு எடை மெஷினில் அளப்பதென்றால், 200 கிலோவுக்கு மேல் நேராக ஏற்றினால் அது உடையும். அதனால் மரச்சட்டத்தின் ஒரு முனையை ஒரு மரத்துண்டின் மேல் குழாய் வைத்துத் தாங்குங்கள், மறுமுனையை மெஷினின் மேல் குழாய் வைத்துத் தாங்குங்கள். இரண்டு தாங்கல்களுக்கும் நடுவே சரியாக 90 செ.மீ. இருக்கட்டும். மரத்துண்டுப் பக்கத் தாங்கலிலிருந்து 30 செ.மீ. தள்ளி கப்ளிங் இறங்க வேண்டும். சட்டம் ரசமட்டத்தில் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அமைப்பில் மெஷினுக்கு மூன்றில் ஒரு பங்குதான் போகும். மூக்கை இறக்கும் முன் சட்டத்துக்காக மெஷின் காட்டும் எண்ணைக் குறித்து, பின்னால் அதைக் கழித்துவிடுங்கள். மீதி 68 என்றால் டோபால் எடை 204 கிலோ. காலையும் கையையும் கப்ளிங்குக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டு முறை இறக்கி அளந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் எழுதிக்கொள்ளலாம்.

6. வந்த எண்ணை என்ன செய்வது

ஒரு உதாரணத்தையே கடைசிவரை கொண்டுபோவோம். லோடோடு கேரவன் 2600 கிலோ, டோபால் எடை 205 கிலோ. அதாவது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

10 சதவீதம் என்பது சட்டம் அல்ல, தொடங்க நல்ல இடம். கேரவன் தயாரிப்பாளர் வேறு எண் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். என் கருத்தில் இந்த அளவு கேரவனை 8 சதவீதத்துக்குக் கீழே வைத்து நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஒரு பக்கத்தில் ஆட்டம் வராமல் இருக்கத் தேவையான எடை, மறுபக்கத்தில் காரும் டோபாரும் தாங்கும் எடை. இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் எண் விழ வேண்டும்.

7. பொருட்களை நகர்த்துவது

கப்ளிங்கிலிருந்து ஆக்சிலுக்கு உள்ள தூரத்தை அளங்கள். இரட்டை ஆக்சில் என்றால் இரண்டுக்கும் நட்டநடுவே. நம் உதாரணத்தில் அது 5 மீட்டர். ஒரு பொருளின் எடையை ஆக்சிலிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கி, 5 ஆல் வகுத்தால், டோபாலில் அது செய்யும் மாற்றம் கிடைக்கும். ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் கூடும், பின்னால் இருந்தால் குறையும்.

கேரவனின் பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்டும் சைக்கிள்களும் சேர்ந்து 55 கிலோ, ஆக்சிலிலிருந்து 3 மீட்டர் பின்னால். 55 × 3 ÷ 5 = 33 கிலோ. அதாவது இவை மட்டும் டோபாலிலிருந்து 33 கிலோவைத் தூக்கிவிடுகின்றன. இவற்றைக் காரின் பின் தட்டுக்கு மாற்றினால் கேரவன் 2545 கிலோவாகும், டோபால் எடை 238 ஆகும்.

அடுத்து, பின்பெட்டியில் 2.4 மீட்டர் தள்ளி இருக்கும் 40 கிலோ நாற்காலிகளையும் பாயையும் உள்ளே, ஆக்சிலுக்கு 40 செ.மீ. முன்னால் தரையில் வையுங்கள். நகர்ந்த தூரம் 2.8 மீட்டர். 40 × 2.8 ÷ 5 = 22 கிலோ. இப்போது டோபால் எடை 260, 10 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இதே 22 கிலோவை முன்பக்க ஏ ஃபிரேமில் (மூக்கில் உள்ள முக்கோணச் சட்டத்தில்) ஒரு பெட்டியை ஏற்றியும் வாங்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். வேண்டாம். பின்னால் கனம், அதைச் சமன்செய்ய முன்னாலும் கனம் என்று அடுக்கினால் மெஷினில் எண் அழகாக வரும். ஆனால் கேரவன் இரு முனையிலும் குடம் தொங்கும் காவடிபோல் ஆகிவிடும். ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை ஆக்சிலுக்கு அருகே, தரையோடு தரையாக. இலகுவானவை முனைகளுக்கும் மேல் அலமாரிகளுக்கும். எண் அதற்குப் பிறகுதான்.

பின் பம்பரில் இரண்டாவது ஸ்டெப்னி, ஜெர்ரி கேன், கருவிப்பெட்டி என்று தொங்கவிடும் பழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

8. தண்ணீர்த் தொட்டியைத் தனியாகக் கணக்கிடுங்கள்

ஒரு லிட்டர் ஒரு கிலோ. 95 லிட்டர் தொட்டி ஆக்சிலுக்கு 90 செ.மீ. முன்னால் இருந்தால், நிரம்பும்போது டோபாலில் 17 கிலோ கூடும். இன்னொன்று 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், நிரம்பும்போது 23 கிலோ குறையும்.

இரண்டும் நிரம்பியிருக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. சிக்கல் வழியில் வரும். முன்தொட்டித் தண்ணீரை முதலில் செலவழித்து, பின்தொட்டியை நிறைத்தபடி, பின்பக்கத்தில் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியும் நிரம்பிய நிலையில் அடுத்த ஊருக்குக் கிளம்பினால் டோபால் எடை மிகவும் இறங்கிவிடும். முதல் நாள் நன்றாக ஓடிய கேரவன் மூன்றாம் நாள் ஆடுவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

அதனால் பின்தொட்டியை முதலில் பயன்படுத்துங்கள், கிளம்பும் முன் கழிவுநீரை அதற்கென உள்ள இடத்தில் கொட்டுங்கள். இந்த மோசமான நிலையையும் ஒருமுறை வீட்டிலேயே உண்டாக்கி அளந்து பாருங்கள். அதிலும் எண் பாதுகாப்பான அளவில் இருந்தால்தான் வேலை முடிந்தது.

9. இப்போது காரின் பக்கம்

டோபாலில் இறங்கும் 260 கிலோவும் கார் சுமக்கும் லோடுதான். ஜிவிஎம் 3100 கிலோ, காரின் எடை 2250 என்று வைத்தால், சுமக்க 850 கிலோ மிச்சம். டோபாலுக்கு 260, நான்கு பேருக்கு 290, புல்பாருக்கும் (முன்பக்கப் பாதுகாப்புக் கம்பி) பின்தட்டின் மூடிக்கும் 140. மீதி 160 கிலோவில்தான் நகர்த்திய சைக்கிள்கள், ஃபிரிட்ஜ், கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். 3500 கிலோ இழுக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய யூட்டுகள் (பின்தட்டு உள்ள பிக்கப் வண்டிகள்) பல இந்த இடத்தில்தான் எல்லை தாண்டுகின்றன.

பின் ஆக்சிலைத் தனியாகப் பாருங்கள். டோபால் பின் ஆக்சிலுக்கு வெளியே இருப்பதால் நெம்புகோலாக வேலை செய்யும். இரு ஆக்சில்களுக்கும் இடையே 3.2 மீட்டர், டோபால் 1.2 மீட்டர் வெளியே என்றால், 260 கிலோவை இறக்கும்போது பின் ஆக்சிலில் ஏறுவது 260 அல்ல, சுமார் 358. முன் ஆக்சிலிலிருந்து 98 கிலோ கழிந்துவிடும். வேபிரிட்ஜில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி, ஆக்சில் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பின் டயர்களின் காற்றையும் முழு லோடுக்குக் காரின் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள்.

10. எடைப் பகிர்வுக் கம்பி, ஏர்பேக்

எடைப் பகிர்வுக் கம்பி டோபால் எடையைக் குறைக்காது. பின் ஆக்சிலில் ஏறியதில் ஒரு பகுதியைக் காரின் முன் ஆக்சிலுக்கும் கேரவன் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்பும். டோபாரின் எல்லையைத் தாண்டிவிட்டு, கம்பி போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவது பிழை. சில கார்களுக்கு இந்தக் கம்பி கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும், வாங்கும் முன் பாருங்கள்.

போடுவதென்றால் அளந்து போடுங்கள். கேரவன் இல்லாமல் முன் சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மாட்டிய பின் எவ்வளவு என்று பாருங்கள். கம்பியை இறுக்கும்போது, உயர்ந்ததில் சுமார் பாதி இறங்கினால் பொதுவாகப் போதும். கார் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுதான். மிக இறுக்கினால் பின் சக்கரங்கள் இலகுவாகி, ஈரச்சாலை வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கும்.

ஏர்பேக் காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவே. முன் சக்கரம் இழந்த எடை திரும்பி வராது. பார்வைக்குக் கார் நேராக நிற்பதால் எல்லாம் சரி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

11. சாலையில் சோதனை

கேரவன் தரைக்கு இணையாக, அல்லது மூக்கு ஒரு துளி தாழ்ந்து நிற்க வேண்டும். தூக்கி நின்றால் டோபார் டங்கின் (டோபாரில் செருகி டோபாலைத் தாங்கும் துண்டு) உயரத்தை மாற்றி, மறுபடி எடை பாருங்கள். வாகனம் குறைந்த நேரான சாலையில் 60, பிறகு 80 என்று படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். பெரிய லாரி கடந்து போகும்போது கேரவன் ஒருமுறை அசைந்து உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடித்தான் அடங்குகிறது என்றால் திரும்பி வந்து 5ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.

ஆட்டம் பெரிதானால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகம் கூட்டித் தப்பவும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால், காருக்குள் இருக்கும் அதன் கன்ட்ரோலரின் பொத்தானைக் கையால் அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள், அது கேரவனைப் பின்னுக்கு இழுத்து நேராக்கும். இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் உட்காருபவருக்கும் காட்டிவையுங்கள்.

12. மறுபடி எப்போது அளப்பது

கூடுதல் பேட்டரி, பெரிய ஆனிங் (வெயில்மறைப்பு), புதுக் கருவிப்பெட்டி, சைக்கிள் ஸ்டாண்ட் என்று எது மாறினாலும் அளக்க வேண்டும். காரை மாற்றினாலும், டோபார் டங்கை மாற்றினாலும் அப்படியே. குளிர்காலப் பயணத்துக்கு ஹீட்டரும் கூடுதல் கம்பளிகளும் ஏறினால் அதற்கும் ஒருமுறை. தேதி, மொத்த எடை, டோபால் எடை, தொட்டிகளின் நிலை, கப்ளிங் உயரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கேரவனின் முன்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏற்றும்போது அந்தத் தாளைப் பார்த்தே அடுக்கலாம்.